மனத்தைத் தேர்ந்து கையைப் பழக்கியவர்: டாக்டர் ஐடா ஸ்கட்டர் அம்மையார்

வேலூர்ச் சீமையில் பிறந்து வளர்ந்தோர்க்கு ஸ்கட்டர் என்னும் பெயர் புதிதன்று. வேலூர் நகரின் நடுவே ஓங்கி நிற்கும் மருத்துவமனையும், பாகாயத்து மருத்துவக் கல்லூரியும், இராணிப்பேட்டையில் அக்குடும்பத்தின் பெயர் தாங்கிய மருத்துவமனையும் அப்பெயரை நாள்தோறும் நினைவூட்டுகின்றன. நம் வீடுகளில் எத்தனையோ பிள்ளைகள் அம்மருத்துவமனையிலேயே முதன்முதலாகக் கண் விழித்தனர். ஆயினும் அதனைத் தோற்றுவித்த அம்மையார் தமக்குத் துணைவேண்டிய காலத்தில் ஆட்களை எப்படித் தேடினார், எப்படித் தேர்ந்தார், எப்படி உருவாக்கினார் என்பதை அறிந்தோர் சிலரே. நமது கல்விச் சங்கத்தின் வெள்ளிவிழா மலரில் அவ்வரலாற்றை எழுதுவதற்குக் காரணம் உண்டு.

நம் இளைஞர்கள் வேலை கேட்டுச் செல்லும் வாயில்தோறும் முன்னனுபவம் உண்டா என்றே முதலில் கேட்கப்படுகின்றனர். வேலை தராதவரிடம் அனுபவம் எங்கிருந்து வரும்? நீந்தத் தெரிந்த பிறகே நீரில் இறங்கலாம் என்பது போன்ற இக்கேள்வியால் திரும்பி வந்தோர் நம் தெருக்களில் பலர். இதற்கு நேர்மாறான வழியில் நடந்து வெற்றி கண்டவர் ஒருவர் இதே வேலூரில் வாழ்ந்தார் என்பதை அவர்கள் அறிதல் வேண்டும்.

பிறப்பும் மறுப்பும்

ஐடா சோபியா ஸ்கட்டர் 1870ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய பாட்டனார் டாக்டர் ஜான் ஸ்கட்டர், அமெரிக்காவிலிருந்து கீழைநாடுகளுக்கு வந்த மருத்துவ ஊழியர்களுள் முன்னோடி. தந்தையாரும் மருத்துவர். ஆற்காடு மிஷனின் பணியில் அக்குடும்பத்தார் பலர் தலைமுறை தலைமுறையாக ஈடுபட்டிருந்தனர். சிறுமியாக இருந்தபோது 1877-78ஆம் ஆண்டுகளின் கொடிய பஞ்சத்தை ஐடா கண்ணாரக் கண்டார். பசியால் வாடிய குழந்தைகளின் முகங்கள் அவர் நெஞ்சில் அச்சத்தையே விதைத்தன. பின்னர் அமெரிக்கா சென்று நார்த்பீல்டு பள்ளியில் பயின்ற அந்த இளம்பெண், இந்தியாவில் ஊழியம் செய்யும் வாழ்க்கை தமக்கு வேண்டாம் என்றே உறுதி கொண்டிருந்தார்.

1890ஆம் ஆண்டு, தாயாரின் உடல்நலம் குன்றியதால், சிறிது காலம் துணையிருந்து திரும்பும் எண்ணத்துடன் அவர் இந்தியா வந்தார். பெற்றோர் அப்போது திண்டிவனத்தில் இருந்தனர். அங்கே ஓர் இரவில் மூவர் ஒருவர்பின் ஒருவராக வந்து கதவைத் தட்டினர். ஒருவர் பிராமணர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் உயர்சாதி இந்து. மூவர் வீட்டிலும் இளம்மனைவி பேறுகால வேதனையில் துடித்துக்கொண்டிருந்தாள். மருத்துவரான தந்தையாரை அழைத்துச் செல்லுமாறு ஐடா வேண்டினார். அந்நிய ஆடவர் தம் வீட்டுப் பெண்ணைத் தொடுவதற்கு வழக்கம் இடந்தராது என்று மூவரும் மறுத்தனர். ஐடாவை வருமாறு இறைஞ்சினர். அவரோ மருத்துவம் அறியாதவர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் மாண்டனர் என்ற செய்தி வந்தது.

அந்த இரவைப் பற்றி எழுதுவோர் அனைவரும் ஐடாவின் மனமாற்றத்தையே பேசுவர். நாம் வேறோர் உண்மையையும் நோக்குதல் வேண்டும். அன்றிரவு ஐடாவிடம் இரக்கம் இருந்தது. செல்ல விருப்பம் இருந்தது. கைத்திறன் மட்டும் இல்லை. நல்ல மனம் தனித்து நின்று ஓர் உயிரையும் காக்க முடியவில்லை. மனம் இருந்தால் போதும் என்று சொல்வோர்க்கு அம்மூன்று மரணங்களே விடை. கதவைத் தட்ட வந்தவர்கள் ஊரில் மதிப்புடைய வீட்டார் என்பதும் கருதத்தக்கது. அதே காலத்தில் சேரிகளில் மாண்ட தாய்மார்களை எண்ணிக் கணக்கெழுதியவர் எவருமில்லை.

ஐடா அமெரிக்கா திரும்பினார். 1895இல் பென்சில்வேனியாவின் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். பின்னர்க் கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி 1899இல் பட்டம் பெற்றார். மருத்துவமனை கட்டப் பொருள் தேடியபோது, நியூயார்க் வங்கியாளர் ராபர்ட் ஷெல் என்பவர் மறைந்த தம் மனைவியின் நினைவாகப் பதினாயிரம் டாலர் வழங்கினார். 1900ஆம் ஆண்டின் தொடக்கத்தில், தோழி ஆனி ஹான்காக் உடன்வர, ஐடா மீண்டும் இந்திய மண்ணை மிதித்தார்.

சமையற்கட்டிலிருந்து வந்த துணை

அனுபவமிக்க தந்தையாரின் நிழலில் தொழில் பழகலாம் என்று எண்ணி வந்தவர்க்கு அந்த ஆண்டிலேயே பேரிடி விழுந்தது. தந்தையார் காலமானார். வேலூரில் தங்கியிருந்த வீட்டின் சிறு அறையில் ஒரே ஒரு கட்டிலோடு அவருடைய மருத்துவப்பணி தொடங்கிற்று. பயிற்சி பெற்ற செவிலியர் இல்லை. மருந்து கலக்கத் தெரிந்தவர் இல்லை. பிறர் உடலின் குருதியையும் சீழையும் தொடுவது இழிந்த தொழில் என்றும், பேறு பார்ப்பது தாழ்ந்த சாதியார் வேலை என்றும் கருதிய காலம் அது. மதிப்புடைய குடும்பத்தார் தம் மகளிரை இப்பணிக்கு அனுப்ப ஒருப்படவில்லை.

அப்போது ஐடாவுக்குக் கைகொடுத்தவர் சலோமி என்னும் பெண்மணி. அவர் அவ்வீட்டின் வேலைக்காரக் குடும்பத்தைச் சேர்ந்தவர். சமையற்கட்டைச் சுற்றி வாழ்ந்தவர். மருத்துவ நூல் எதனையும் கண்டறியாதவர். ஐடா அவரிடம் சான்றிதழ் கேட்கவில்லை. அப்பணிக்கு முதலில் வேண்டியவை நோயாளியைக் கண்டு முகஞ்சுளியாமை, சொன்னதைச் சொன்னபடி செய்யும் ஒழுங்கு, இரவென்றும் பகலென்றும் பாராத பொறுமை ஆகியவை. இவற்றை ஆண்டுக்கணக்கில் வகுப்பு நடத்தியும் ஊட்டிவிட இயலாது. கட்டுப்போடுதல், கருவிகளைக் கொதிநீரில் தூய்மை செய்தல், மருந்தை அளந்து கலத்தல் ஆகியவற்றையோ பொறுமையுடன் கற்பித்தால் கற்றுக்கொள்ளலாம். முன்னவை உள்ளவரைத் தேர்ந்து, பின்னவற்றைத் தாமே கற்பித்தார் ஐடா. முதல் பெரிய அறுவை மருத்துவத்தை அவர் அஞ்சி அஞ்சித் தொடங்கியபோது உடன்நின்றவர் சலோமியே. அது முதற்கொண்டு நெடுங்காலம் அவர் ஐடாவின் நம்பிக்கைக்குரிய துணைவராக விளங்கினார்.

1902இல் 40 படுக்கைகளுடன் மேரி டேபர் ஷெல் மருத்துவமனை திறக்கப்பட்டது. நோயாளிகள் திரண்டனர். ஒரு சலோமி போதாது என்பது தெளிவாயிற்று. ஒருவரை அருகிருத்திப் பழக்குவது ஒரு வழி. பலரை முறையாகப் பழக்குவதற்குப் பள்ளி வேண்டும். 1909இல், டெலியா ஹௌட்டன் என்னும் செவிலியரின் துணையுடன், செவிலியர் பயிற்சிப் பள்ளி தொடங்கப்பெற்றது. அதில் சேர்ந்தோர் பெரும்பாலும் கிறித்தவக் குடும்பத்துப் பெண்கள். ஆற்காடு மிஷனின் கிராமச் சபைகளில் மிகுந்திருந்தோர் தாழ்த்தப்பட்ட மக்களே என்பது வரலாறு. மிஷன் வளாகங்களிலும் சாதி முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. எனினும், தீண்டத்தகாத வேலை என்று ஊர் ஒதுக்கிய ஒன்றை, பாடம், பயிற்சி, தேர்வு, சான்றிதழ் ஆகிய நான்கு தூண்களின்மேல் ஏற்றி மதிப்புள்ள தொழிலாக்கிய பணி அங்கே நடந்தது.

151 விண்ணப்பங்கள்

செவிலியர் கிடைத்தனர், மருத்துவர் போதவில்லை. குடியாத்தம் சாலை வழியே வாரந்தோறும் வண்டியில் சென்று, மரநிழல்களில் நோயாளிகளைக் கவனித்து வந்த ஐடா, ஒருவர் இருவர் எத்துணை உழைத்தாலும் இம்மக்கள்தொகைக்கு ஈடுகொடுக்க முடியாது என்று கண்டார். இந்நாட்டுப் பெண்களையே மருத்துவராக்க வேண்டும் என்று துணிந்தார். சென்னை மாகாண மருத்துவத் துறையின் தலைவராயிருந்த கர்னல் பிரைசனிடம் இசைவு கேட்டபோது, விண்ணப்பிக்கப் பெண்கள் கிடைப்பார்களா என்றே அவர் ஐயுற்றார். விரல்விட்டு எண்ணத்தக்க சிலர் வந்தாலும் தொடங்கலாம் என்ற அளவில் இசைவு கிடைத்தது. வந்த விண்ணப்பங்களோ 151. அவர்களுள் 18 பேரைத் தேர்ந்து 1918ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் பள்ளி தொடங்கிற்று. எல்.எம்.பி. என்னும் மருத்துவச் சான்றிதழுக்குரிய படிப்பு அது.

அக்காலத்துப் பெண்கள் பள்ளிகளில் அறிவியல் பாடம் அருமை. கல்லூரிக்கெனச் சொந்தக் கட்டிடமும் அன்று இல்லை, கருவிகளும் சில, ஆசிரியரும் சிலரே. ஐடா தாமே உடற்கூற்றுப் பாடம் நடத்தினார். முதலாண்டுத் தேர்வு நெருங்கியபோது, ஆண்கள் பயிலும் பள்ளிகளிலேயே ஐவரில் ஒருவர்தாம் தேறுவர், ஆகவே ஏமாற்றத்துக்கு ஆயத்தமாயிருக்க வேண்டும் என்று அவர் எச்சரிக்கப்பட்டதாக அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தேர்வெழுதிய 14 பெண்களும் தேறினர். 1922இல் அந்த 14 பேரும் மருத்துவர்களாக வெளிவந்தனர்.

இங்கே இளைஞர்கள் ஊன்றி நோக்கவேண்டிய ஒன்றுண்டு. ஐடா தம் மாணவியரைத் தாமே தேர்ந்தார், தாமே கற்பித்தார், அவர்கள் தகுதி பெற்றனர் என்று தாமே முடிவு செய்துகொள்ளவில்லை. மாகாணம் முழுவதற்கும் பொதுவான தேர்வில், தம்மை அறியாத தேர்வாளர்முன் அவர்களை நிறுத்தினார். அங்கே வென்றதனால் அப்பெண்களின் தகுதி ஓர் அம்மையாரின் அன்பளிப்பாக இராமல் அவர்களது சொத்தாயிற்று. வேலூரை விட்டு எங்குச் சென்றாலும் அச்சொத்து உடன்சென்றது.

படியை உயர்த்திய முதுமை

1923ஆம் ஆண்டையொட்டி நகரில் புதிய மருத்துவமனை எழுந்தது. 1932இல் கல்லூரி பாகாயம் வளாகத்துக்குச் சென்றது. ஓய்வெடுக்க வேண்டிய வயதில் அவருக்குப் புதிய சோதனை வந்தது. எல்.எம்.பி. படிப்பை நிறுத்தி, மருத்துவக் கல்வி அனைத்தையும் எம்.பி.பி.எஸ். பட்டத்தின் அளவுக்கு உயர்த்த அரசினர் 1938ஐ ஒட்டி முடிவு செய்தனர். பேராசிரியர், ஆய்வுக்கூடம், படுக்கைகள் எல்லாம் பன்மடங்காக வேண்டியிருந்தன. இல்லையேல் பள்ளியை மூட வேண்டும். எழுபது வயதைத் தாண்டிய அம்மையார் போர்க்காலத்தில் அமெரிக்கா சென்று, ஊர் ஊராகப் பேசிப் பொருள் திரட்டினார். பெண்களுக்கென்றே தொடங்கிய கல்லூரியில் ஆண்களையும் சேர்த்தால்தான் நிறுவனம் பிழைக்கும் என்ற நிலை தோன்றியபோது, நெடுநாள் தோழியரின் மனவருத்தத்துக்கு ஆளாகியும், தம் பழைய எண்ணத்தை மாற்றிக்கொண்டார். 1942இல் எம்.பி.பி.எஸ். படிப்புக்கு வழி பிறந்தது. 1946இல் செவிலியர் பள்ளி பட்டக் கல்லூரியாக உயர்ந்து, இந்நாட்டில் அவ்வகைக் கல்லூரிகளுள் முன்னோடியாயிற்று. 1947இல் ஆண் மாணவர் சேர்க்கப்பட்டனர். நிறுவனத்தின் பொறுப்பு டாக்டர் ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணியிடம் சென்றது. கொடைக்கானலில் ஓய்வு கொண்ட ஐடா அம்மையார் 1960ஆம் ஆண்டு மே மாதத்தில், தமது 89ஆம் வயதில், மறைந்தார்.

அவர் விதைத்த முறை அவருக்குப் பின்னும் அக்கல்லூரியில் நின்றது. எழுத்துத் தேர்வோடு அமையாமல், விண்ணப்பித்தோரைச் சில நாட்கள் உடனிருத்தி, நேர்காணலாலும் கூட்டுச் செயல்களாலும் மனப்பாங்கை ஆராய்ந்து சேர்க்கும் வழக்கம் பல்லாண்டு நிலவிற்று. பின்னாளில் நாடு முழுவதற்குமான நுழைவுத் தேர்வு கட்டாயமாக்கப்பட்டது.

நமக்குரிய பாடம்

மனப்பாங்கைக் கண்டு ஆள் எடுப்பது என்னும் கொள்கையில் நமக்கு ஓர் அச்சமும் உண்டு, அதை மறைக்கலாகாது. நல்ல குணமுடையவன் என்று நம்மவரைப் புகழ்ந்தோர் பலர், எதிர்த்துப் பேசாதவன் என்ற பொருளிலேயே புகழ்ந்தனர். குணம் என்னும் சொல்லுக்குள் சாதியை ஒளித்து வைத்து, நம் குடும்பத்துப் பிள்ளை போல இல்லை என்று ஒதுக்கவும் கூடும். அளவுகோல் கண்ணுக்குத் தெரியாதபோது அநீதியும் கண்ணுக்குத் தெரியாது. ஆகவேதான் நம் தலைவர்கள் தனிமனிதரின் நல்லெண்ணத்தை மட்டும் நம்பாமல் சட்டத்தைக் கேட்டனர். வேலூரில் ஷெல் மருத்துவமனை திறந்த அதே 1902ஆம் ஆண்டில், கோலாப்பூர் மன்னர் சாகு மகாராசர் தம் அரசுப் பணிகளில் பாதியைப் பின்தங்கிய வகுப்பாருக்கு ஒதுக்கி ஆணையிட்டார். தீண்டாமைக்கு உள்ளானோரை யானைப்பாகராகவும் வண்டியோட்டிகளாகவும் அமர்த்தி, வழக்குரைக்கவும் உரிமை தந்தார். நல்லவர் மறைந்தால் நல்லெண்ணம் மறையலாம், ஆணை நிற்கும்.

ஐடா அம்மையாரின் முறையை இந்த அச்சத்திலிருந்து காப்பது அதன் மறுபாதியே. மனத்தைக் கண்டு ஆள் எடுப்பவர், திறனைக் கற்பிக்கும் கடனையும் தலைமேல் ஏற்கவேண்டும். கற்றவர்க்குப் பிறரும் ஏற்கும் சான்று கிடைக்கச் செய்யவேண்டும். இக்கடனை மறுத்து, பணிவுள்ள ஆளை மட்டும் எடுத்துக்கொள்பவர் வேலையாளை உருவாக்குபவர் அல்லர், அடிமையைத் தேடுபவர்.

இதன் உண்மையை நம் தோல் தொழிலைவிடத் தெளிவாகக் காட்டுவது வேறில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டைத் தோல் ஷாப்புகளில் நம் பாட்டன்மார் சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கினர், மயிர் நீக்கினர், மரத்தின்மேல் தோலை விரித்து வளைகத்தியால் சதை எடுத்தனர், ஆவாரம்பட்டைச் சாற்றில் ஊறவைத்துப் பதனிட்டனர். கத்தி ஓர் இழை ஆழமாகச் சென்றால் தோலின் விலை விழுந்துவிடும். அத்துணை நுட்பமான அத்திறனை அவர்களுக்கு வகுப்பு வைத்துக் கற்பித்தவர் யார்? அருகிருந்து கண்ணால் பார்த்துக் கையால் கற்றனர். கற்றதற்குச் சான்றில்லை. ஆகவே வாழ்நாள் முழுவதும் பெருந்திறனுடையோராய் இருந்தும் கூலியாள் என்றே எழுதப்பட்டனர். சென்னையில் 1915இல் தோல் தொழிற்கல்விப் பள்ளியும், 1948இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமும் தோன்றின. ஆயினும் தொட்டியில் நின்றவர்க்கும் அவ்வாயில்களுக்கும் இடையே எழுத்தறியாமை என்னும் அகழி கிடந்தது. அந்த அகழியைத் தூர்ப்பதே நம் சங்கம் போன்றவற்றின் வேலை.

1970களுக்குப் பின் அரசின் கொள்கை, பாதி பதனிட்ட தோலை ஏற்றுமதி செய்வதைக் குறைத்து, முழுதும் பதனிட்ட தோலையும் காலணியையும் செய்யும் பக்கம் திரும்பிற்று. அதன் பயனாக எழுந்த ஷூ கம்பெனிகள் சுற்றுக் கிராமங்களின் இளம்பெண்களைப் பெருந்தொகையாக வேலைக்கு எடுத்தன. தையல் இயந்திரத்தைத் தொட்டறியாத பெண்களும் காலணியின் மேற்பகுதியைத் தைக்கக் கற்றனர். நம்மவர்க்குக் கை வராது என்ற பழஞ்சொல் பொய்யாயிற்று. ஆனால் ஒரு தையலை மட்டும் கற்பித்து, அதிலேயே இருபது ஆண்டு இருத்தினால் அது பாதிப் பயிற்சியே. வெட்டுதல், வடிவமைத்தல், தரம் பார்த்தல், மேற்பார்வை என்று படிப்படியாக ஏற வழியிருந்தால்தான் முழுப் பயிற்சி.

பயிற்சி தராமல் ஆள் எடுப்பதன் கொடிய முகத்தையும் இவ்வட்டாரம் கண்டிருக்கிறது. கழிவுநீர்த் தொட்டியில் இறங்கு என்றால் மறுக்காமல் இறங்குபவனுக்கு மனப்பாங்கு இல்லை என்று யார் சொல்ல முடியும்? உள்ளே நச்சுக்காற்று இருக்கும் என்று அவனுக்குக் கற்பிக்கவில்லை. காப்புக் கருவி தரவில்லை. விழுந்தவனைத் தூக்க இறங்கிய தோழனும் உடன் மாண்டான். திண்டிவனத்து இரவில் கண்ட உண்மையே இங்கும் நிற்கிறது: திறன் சேராத நல்ல மனம் உயிரைக் காக்காது. அங்கே பிறர் உயிர் போயிற்று. இங்கே தன்னுயிரே போகிறது.

ஆகவே, இளைஞர்களே, வேலை கேட்டு நிற்கும்போது அனுபவம் இல்லை என்பதற்காகத் தலைகுனியாதீர்கள். கற்கும் உறுதியும், நேரந்தவறாமையும், எத்தொழிலையும் இழிவென்று கருதாத உள்ளமும் உங்களிடம் இருந்தால், தொழிலுக்கு வேண்டியவற்றுள் கடையில் கிடைக்காதவை உங்களிடம் இருக்கின்றன. வேலை ஏற்கும்போது கூலி எவ்வளவு என்று கேட்பதுபோலவே, என்ன கற்பிப்பீர்கள், எத்தனை நாளில், கற்றபின் என்ன சான்று என்றும் கேளுங்கள். அது ஆணவமன்று, உரிமை. நாளை நம்முள் சிலர் சிறு பட்டறையோ, கடையோ, பள்ளியோ நடத்துவர். அன்று வாயிலில் வந்து நிற்கும் பிள்ளையிடம் முன்னனுபவம் உண்டா என்று நாமே கேட்டுவிடலாகாது.

வேலூர் மருத்துவமனையைக் கடந்து செல்லும்போது அதன் மாடிகளை அண்ணாந்து பார்க்கிறோம். அவற்றின் அடியில் ஒரு கட்டிலும், ஓர் அம்மையாரும், சமையற்கட்டிலிருந்து வந்து கற்றுக்கொண்ட சலோமியும் இருக்கின்றனர். அவ்வடித்தளத்தை நம் பிள்ளைகளுக்குக் காட்டுவோமாக.